எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்

நேபாள மருத்துவ ஊழியத்துக்குக் காணிக்கை கொடுக்கும் தமிழ்நாட்டுச் சபையாருக்கு ஒரு திறந்த மடல்



நேபாளத்தில் ஒரு மிஷன் மருத்துவமனையின் தொழுநோய்ப் பிரிவில் செவிலியாக வேலை பார்த்தவள் எழுதுகிறேன். அறுப்பின் பண்டிகையில் நீங்கள் ஏலம் எடுத்த வாழைத்தாரின் பணமும், பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் சேர்த்த பிடியரிசியின் பணமும், பென்ஷன் வந்ததும் தசமபாகத்துக்கு மேலே இன்னொரு உறையிலும் போட்டுவைக்கிற பெரியவர்களின் பணமும் எங்கள் வார்டில் பஞ்சாகவும் கட்டுத்துணியாகவும் செருப்பாகவும் வந்து சேர்ந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அதற்காக உங்களுக்குக் கடன்பட்டவள். அந்த உரிமையில்தான் நெடுநாள் மனத்தாங்கல் ஒன்றையும் உங்களிடமே சொல்லத் துணிகிறேன்.

உங்கள் கடிதங்களிலும், எங்களைப் பார்க்க வரும் குழுக்களின் பேச்சிலும், விடுமுறையில் ஊருக்கு வந்தால் ஆராதனை முடிந்து வாசலில் நின்று விசாரிக்கிறவர்களின் வாயிலும் ஒரே கேள்விதான் வருகிறது. எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள்? எத்தனை பேருக்கு ஞானஸ்நானம்? கேட்கிறவர்கள் ஊழியத்தின் மேல் பாரம் உள்ளவர்கள், நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் அந்தக் கேள்வி மலை ஏறி எங்கள் வார்டுக்குள் வந்து என்ன செய்கிறது என்று உங்களுக்கு யாரும் சொன்னதில்லை. வருடாந்திர அறிக்கையில் அந்த எண் இல்லை என்பதற்காக, நம் ஊர்ச் சபை ஒன்று அடுத்த வருடமே தன் உதவியை வேறு பணித்தளத்துக்கு மாற்றிக்கொண்டது. மடங்கிப்போன விரல்கள் எத்தனை பேருக்கு நிமிர்ந்தன, பாதப்புண் எத்தனை பேருக்கு ஆறியது என்றெல்லாம் அதே அறிக்கையில் எழுதியிருந்தோம். அந்தப் பக்கங்களை அவர்கள் படித்ததாகவே தெரியவில்லை.

தொழுநோய் போய்விட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற அளவை எட்டிவிட்டதாக நேபாளம் 2010 ஜனவரியில் அறிவித்தது. அது பெரிய காரியம்தான். ஆனால் அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் புதிதாக நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் தராய் என்கிற தெற்குச் சமவெளிக்காரர்கள். அது பீகாரை ஒட்டிய பகுதி. எல்லை திறந்து கிடப்பதால் நம் நாட்டவர்களும் அங்குள்ள தொழுநோய் மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். மலையூர்க்காரர்களின் பாடு வேறு. சாலை எட்டாத ஊரென்றால் நோயாளியை டோகோ என்கிற மூங்கில் கூடையில் உட்காரவைத்து, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, மகனோ தம்பியோ முதுகில் சுமந்து பஸ் நிற்கிற இடம்வரை இறக்குவார்கள்.

அப்படி வந்து சேர்கிறவருக்குப் பல நேரம் வலியே இருக்காது. உணர்ச்சி போன கையால் அடுப்பிலிருந்து பானையை இறக்குவார். தோல் வெந்தது தெரியாது. காலில் குத்திய முள்ளோடு நாள் முழுக்க வயலில் நடப்பார். இமை மூடாத கண்ணில் தூசி விழுந்து, புண்ணாகி, பார்வை போகும். எங்கள் வேலையில் பாதி தண்ணீரும் எண்ணெயும்தான். காலை ஊறவைத்து, தடித்த தோலை மெதுவாகச் சுரண்டி, எண்ணெய் தடவி, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, இதையெல்லாம் அவரே வீட்டில் செய்துகொள்ளப் பழக்க வேண்டும். கட்டுப் போட அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொள்வோம். பல வருடமாக யாரும் தொடாத கால். தனித் தட்டில் சோற்றை வைத்துவிட்டுத் தாயே தள்ளிப்போன வீட்டிலிருந்து வந்தவர், நாம் தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். முற்பிறவிப் பாவம் என்று ஊர் சொன்னதை அவரும் நம்பித்தான் வந்திருக்கிறார்.

அந்த நேரத்தில் அவர் முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறார். நாம் எதைச் சொன்னாலும் சரி என்பார். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. நீங்கள் கேட்கிற எண்ணை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். எண்தான் வேண்டுமென்றால், அதைச் சேர்க்க இதைவிட எளிதான இடம் உலகத்தில் கிடையாது. கட்டுப் போடுகிறவளின் மனம் கோணக்கூடாதே என்ற பயத்தில் அவர் தலையாட்டிவிடுவார். அந்தத் தலையாட்டலை விசுவாசம் என்று கணக்கில் எழுத என் கை வரவில்லை. புண் ஆறி, எழுந்து நடந்து, இனி இவர்கள் தயவு இல்லாமலும் பிழைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் வந்தபின், ஏன் இதையெல்லாம் எங்களுக்குச் செய்கிறீர்கள் என்று அவராகக் கேட்டால் அது வேறு. அப்படிக் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு உண்மையைச் சொன்னோம். எதுவும் கேட்காமல் கைகூப்பிவிட்டு வீட்டுக்குப் போன இந்துக்களும் முஸ்லிம்களும் பௌத்தர்களும் அவர்களைவிட மிக அதிகம்.

லூக்கா எழுதின சுவிசேஷத்தில் வரும் பத்துக் குஷ்டரோகிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரும் சுத்தமானார்கள். ஒருவன்தான் திரும்பி வந்தான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார்; அதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்கும். ஆனாலும் அந்த ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நம் மிஷனெரி அறிக்கைகளில் அந்த ஒன்பது பேருக்கு ஒரு வரிகூட இடமில்லை என்பதுதான் என் வேதனை.

அந்த நாட்டுச் சட்டத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2015 அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு ஒருவரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி, மதம் மாற்றுகிறவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாடுகடத்துவார்கள். மனச்சாட்சிக்கு வேலி போடும் எந்தச் சட்டத்தையும் நான் நியாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் அடி யார் மேல் விழுகிறது என்று யோசியுங்கள். திருநெல்வேலியிலோ கோயம்புத்தூரிலோ உட்கார்ந்து எண்ணைக் கேட்டவர் மேல் விழாது. என்னைப் போன்றவர்களைக் கடைசியில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். அங்கேயே பிறந்து, அங்கேயே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழவேண்டிய நேபாளச் செவிலியர் மேலும் உள்ளூர்ப் போதகர் மேலும்தான் விழும். மருத்துவமனையின் அனுமதி போனால் நோயாளி மேலும் விழும்.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் ஒரு சனிக்கிழமை நண்பகலில் வந்தது. அந்த நாட்டில் வார விடுமுறை சனிக்கிழமை என்பதால் சபைகள் அன்றுதான் கூடும். ஆராதனையில் இருந்தவர்கள் பலர் இடிபாட்டிலேயே இறந்தார்கள். நாடு முழுவதும் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் மாண்ட அந்த நாட்களில் மிஷன் மருத்துவமனைகளில் யாரும் கண்மூடவில்லை. அதே நாட்களில்தான் நிவாரணத்தோடு மதத்தையும் கொண்டுவருகிறார்கள் என்ற குற்றச்சாட்டு சமூக ஊடகங்களில் பற்றி எரிந்தது. அடுத்த வருடம் தோலகா மாவட்டத்தில், நிலநடுக்கத்தில் பயந்துபோன பள்ளிப்பிள்ளைகளுக்கு ஆறுதல் வகுப்பு நடத்தியபோது இயேசுவைப் பற்றிய படக்கதைப் புத்தகம் கொடுத்ததாக எட்டுக் கிறிஸ்தவர்கள் கைதானார்கள். நீதிமன்றம் பிறகு அவர்களை விடுவித்தது. ஆனால் ஊர்க்காரர்கள் மனதில் விழுந்த சந்தேகத்துக்கு எந்த நீதிமன்றத்தில் விடுதலை வாங்குவது?

இந்த நம்பிக்கையைச் சேர்க்க எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா? ராணா குடும்பத்தாரின் ஆட்சி 1951இல் விழும்வரை நேபாளம் வெளியாருக்குப் பூட்டிக் கிடந்த நாடு. பறவைகளைப் பற்றி ஆராய மசூரியிலிருந்து போன ராபர்ட் ஃபிளெமிங்கின் குழுவில் ஒரு மருத்துவர் இருந்தார். தான்சேன் ஊர்க்காரர்கள் அவரிடம் சிகிச்சைக்கு வந்தார்கள், அங்கேயே ஒரு மருத்துவமனை வேண்டும் என்றும் கேட்டார்கள். அதிலிருந்துதான் 1954இல் ஐக்கிய நேபாள மிஷன் பிறந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, டாக்டர் லில்லி ஓஹான்லனும் அவரோடிருந்த பெண்களும் இந்திய எல்லையிலிருந்து மலைப்பாதையில் நடந்தே பொகராவுக்குப் போய்விட்டார்கள். ஐக்கிய நேபாள மிஷன் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் ஒரு ராணா அரண்மனையில் நடத்திய சாந்தபவன் மருத்துவமனையை 1982இல் அரசோடு சேர்ந்து பாட்டன் மருத்துவமனையாக மாற்றிக் கொடுத்தது. மதம் மாற்றக் கூடாது என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டுதான் இந்த வேலைகள் நடந்தன. கையெழுத்துப் போட்ட வாக்கைக் காப்பாற்றுவதும் சாட்சிதான் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்படியானால் சுவிசேஷம் என்னாவது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1951இல் நேபாளத்துக்குள் சபை என்று சொல்ல ஏறக்குறைய எதுவுமே இல்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று பதிந்தவர்கள் ஐந்து லட்சத்துக்கும் அதிகம். அந்தச் சபைகளை வளர்த்தவர்கள் நேபாளிகள். 1990க்கு முன் விசுவாசத்துக்காகச் சிறைக்குப் போனவர்களும் அவர்கள்தான். அவர்கள் சொல்ல வேண்டியதை அவர்கள் மொழியில், அவர்கள் பொறுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நம் மருத்துவ அறிக்கையில் ஓர் எண்ணை நிரப்பி அந்த வேலைக்கு நாம் எதையும் கூட்டிவிட முடியாது. கெடுக்க முடியும்.

எப்படிக் கெடுக்கிறோம் என்பதற்கு நீங்கள் எடுக்கும் படங்களே போதும். பார்க்க வரும் குழுக்கள் ஒரு நோயாளி அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, தலையில் கைவைத்து ஜெபிப்பதைப் படம் எடுக்கிறார்கள். அன்றிரவே அது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. சில நேரம் அந்த அம்மாவின் பெயரும் ஊரும்கூடச் சேர்ந்து. விரலை இழந்த கையோடு தன் முகம் ஆயிரம் பேர் கைப்பேசியில் இருப்பது அவருக்குத் தெரியாது. தராய்க் கிராமங்களிலிருந்து எத்தனையோ பேர் இந்தியாவில் வேலை பார்க்கிறார்கள். ஒரு படம் அவர் ஊருக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும்? தொழுநோய்க்காரி என்று ஏற்கெனவே தள்ளிவைத்தவர்களுக்கு மதம் மாறியவள் என்று இன்னொரு காரணத்தையும் நாம் கொடுத்தனுப்புகிறோம். ஒரு குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கிய ஆண்டவர், இதை ஒருவருக்கும் சொல்லாதே என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் அவனை அனுப்பினார். மாற்கு எழுதின சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலேயே அது இருக்கிறது.

இன்னொன்றைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. இதைச் சொன்னால் உங்களில் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே சொல்கிறேன். நம் ஊரிலிருந்து வந்த ஒரு ஜெபக்குழுவின் பிரசங்கியார், விசுவாசம் உள்ளவனுக்கு இனி மாத்திரை எதற்கு என்று எங்கள் நோயாளிகளிடம் கேட்டார். அதை மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் ஆளும் கிடைத்தார். அதற்குப் பிறகு சிலர் மாத்திரை அட்டையைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டார்கள். அவர்களைத் திரும்ப வழிக்குக் கொண்டுவர நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

தொழுநோய்க்கான கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக எல்லா நாட்டிலும் இலவசமாகவே கொடுக்கிறார்கள். கிருமி குறைந்தவருக்கு ஆறு மாதம், அதிகம் உள்ளவருக்கு ஒரு வருடம். முதல் வேளை மருந்திலேயே கிருமிகளில் பெரும்பகுதி செத்துவிடும். சில நாட்களிலேயே அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதும் நின்றுவிடும். ஆனாலும் முழுக்காலமும் சாப்பிட வேண்டும். அதில் ஒரு மாத்திரை தோலைக் கறுப்பாக்கும், இன்னொன்று சிறுநீரைச் சிவப்பாக்கும். பயந்துபோய்த் தாமாக நிறுத்துகிறவர்கள் ஏற்கெனவே உண்டு. சிகிச்சையின் நடுவில் சிலருக்கு நரம்பு வீங்கி, திடீரென்று கை தொங்கிப்போகும். ஆறு மாதத்துக்குள் வந்தால் பிரெட்னிசோலோன் மருந்தால் அந்தக் கையைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். தாமதமாக வந்தால் வாழ்நாள் முழுக்க ஊனம். சுகமாகிவிட்டேன் என்று சாட்சி சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிட்டவர் அந்த ஆறு மாதத்தை இழக்கிறார். மேடையில் பேசியவர் அதற்குள் வேறு ஊரில் வேறு கூட்டத்தில் இருப்பார்.

ஜெபத்தின் மேல் எனக்கு விசுவாசம் இல்லை என்று நினைக்காதீர்கள். காலையில் வார்டைத் திறக்குமுன் ஜெபிக்காமல் நாங்கள் ஒருநாளும் கட்டை அவிழ்த்ததில்லை. மருத்துவரே எட்டாத மலையூர்களில் நோயாளிக்காக ஜெபித்தபோது சுகம் கிடைத்தது என்று சொல்லி விசுவாசத்துக்கு வந்த நேபாளிகளை நான் அறிவேன். அவர்களைப் பொய்யர் என்று சொல்ல நான் யார்? ஆனால் மாத்திரை கிடைக்கிற இடத்தில் மாத்திரையை நிறுத்தச் சொல்வது ஜெபமாகாது. அந்த மாத்திரையும் தேவன் கொடுத்ததுதான் என்று நம்புகிற ஒரு பிரசங்கியாரையாவது உங்கள் கன்வென்ஷன் மேடையில் ஏற்றுங்கள்.

நாம் வாங்கியதை மறந்துவிட்டோமோ என்று சில நேரம் தோன்றுகிறது. 1838இல் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவ வேலையைத் தொடங்கியது. அங்கே பிள்ளை பெற்ற, அறுவை செய்துகொண்ட நம் முன்னோர் எல்லாருமா ஞானஸ்நானம் வாங்கினார்கள்? ஹோவர்ட் சோமர்வெல் என்ற மருத்துவர் 1922இல் எவரெஸ்ட் ஏறப் போனார். பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் செத்தார்கள், வெள்ளைக்காரர் ஒருவரும் சாகவில்லை. தங்களில் ஒருவராவது அவர்களோடு சாகக் கூடாதா என்று மனம் வெந்து எழுதியவர் அவர். அந்தப் பயணம் முடிந்து தெற்கே வந்தவர் நெய்யூரில் ஒற்றை மருத்துவருக்காகக் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். தொழுநோயால் மடங்கிய விரலுக்குத் தசைநாண் மாற்றி அறுவை செய்யலாம் என்று டாக்டர் பால் பிராண்ட் காட்டிக் கொடுத்தது நம் வேலூரில். நேபாளத்தின் லலித்பூர் மலையில் உள்ள ஆனந்தபன் மருத்துவமனை இன்று நேபாளிகளுக்கு அந்த வகை அறுவையைத்தான் செய்கிறது. நமக்கு வந்தது கணக்குப் பார்க்காமல் வந்தது. நம்மிடமிருந்து போவதில் மட்டும் ஏன் இத்தனை கணக்கு?

இனி என் வேண்டுதல். கொடுப்பதை நிறுத்தாதீர்கள், கொடுக்கிற விதத்தை மாற்றுங்கள்.

கல்வெட்டு பதிக்கிற கட்டடத்துக்குப் பணம் சுலபமாகக் கிடைக்கிறது. அதற்குள் வேலை செய்கிறவர்களின் சம்பளத்துக்குத்தான் கிடைப்பதில்லை. பயிற்சி பெற்ற நேபாளச் செவிலியர் நல்ல சம்பளம் தேடி வெளிநாடு போய்விடுகிறார்கள், அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஒரு நேபாளச் செவிலியின் சம்பளத்தை உங்கள் சபை வருடக்கணக்கில் ஏற்றுக்கொண்டால் அது ஒரு கட்டடத்தைவிடப் பெரிய காணிக்கை. ஏழை நோயாளி நிதிக்குக் கொடுங்கள். அந்த நாட்டில் மருத்துவச் செலவில் பாதிக்கு மேல் மக்களே கையிலிருந்து கட்டுகிறார்கள். ஆட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு வருகிறவர்கள் அவர்கள். உணர்ச்சியற்ற பாதத்துக்கான எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பர்ச் செருப்புக்குக் கொடுங்கள், தேய்ந்ததும் மாற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க வேண்டும். வீடு திரும்பப் பஸ் கட்டணத்துக்குக் கொடுங்கள். நல்ல சமாரியன் செய்ததைப் பாருங்கள்: காயத்துக்கு எண்ணெய் வார்த்துக் கட்டினான், அதோடு நிற்காமல் சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்தான், மேலே ஆகும் செலவையும் திரும்பி வரும்போது தருவதாக ஏற்றுக்கொண்டான். அடிபட்டவன் பிறகு எந்த ஆலயத்துக்குப் போனான் என்று அவன் விசாரித்ததாக இல்லை.

குழுவாகப் போக விரும்பினால் மருத்துவமனை கேட்கிறவர்களை அனுப்புங்கள். நேபாள மருத்துவக் கவுன்சிலில் பதியாத மருத்துவர் அங்கே ஒரு நாள் முகாமும் நடத்தக் கூடாது. பழுதான எக்ஸ்ரே கருவியைச் சரிசெய்யத் தெரிந்தவர், ஆய்வகத்தில் பயிற்சி கொடுக்கத் தெரிந்தவர் நாலு பேர் போனால் போதும். கேமரா வேண்டாம். ஏற்கெனவே எடுத்த நோயாளிகளின் படங்களை இன்றே அழியுங்கள், குழுக்களில் பகிர்ந்தவர்களிடமும் சொல்லுங்கள்.

ஆயர்மாரே, கன்வென்ஷன் பந்தலில் யார் பேசினாலும், மருந்தை யாரும் நிறுத்தக் கூடாது என்று நீங்களே எழுந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நேபாளத்துக்காக மட்டும் அல்ல, உங்கள் சபையில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்காகவும்.

வருகிற மிஷனெரிக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். நாம் உதவுகிற மருத்துவமனைகளிடம் இனி ஞானஸ்நானக் கணக்குக் கேட்பதில்லை என்று. ஆறிய புண்களையும் மீண்ட கைகளையும் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குச் செலவான பணத்தையும் மட்டும் கேட்போம் என்று. மூன்று வருடத்துக்கு இந்த உதவியைக் குறைக்கமாட்டோம் என்றும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். தீர்மானத்தின் நகலை அந்த மருத்துவமனைகளுக்குத் தபாலில் அனுப்புங்கள். அடுத்த வருட அறிக்கையை எழுத உட்காருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரி